கிறிஸ்துமஸ் விடுமுறை எல்லோருக்கும்... அம்மாவுக்கு?

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும், திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவத் தெருக்களுக்கு ஒரு தனி அழகு வந்துவிடும். வாசலில் காகித நட்சத்திரம், வராந்தாவில் வைக்கோல் போட்ட குடில், இரவானால் கேரல் பாடிக்கொண்டு வரும் இளைஞர் கூட்டம், அவர்களோடு ஆடிக்கொண்டே வரும் கிறிஸ்துமஸ் தாத்தா. பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. வெளியூரில் படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் ஊர் திரும்பும் நேரம். மொத்தத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம்!

ஆனால் அதே வீடுகளின் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே வேறொரு டிசம்பர் ஓடிக்கொண்டிருக்கும்.

முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறை வறுத்துத் திரிக்க வேண்டும். பாகு காய்ச்ச வேண்டும், தேங்காய் வறுக்க வேண்டும், உருண்டை பிடித்து மாவில் முக்கி எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். அச்சுமுறுக்குக்கு அச்சு சரியாகக் காயவில்லை என்றால் மாவு ஒட்டிக்கொண்டு வரவே வராது. இதற்கு நடுவில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவார், தையல்காரர் சொன்ன தேதியில் துணி தர மாட்டார், கடைசிப் பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி நாடகத்தில் தேவதூதன் வேஷம், அதற்கு இறக்கை செய்ய வேண்டும். கேரல் குழு எத்தனை மணிக்கு வந்தாலும் தேநீர் தயாராக இருக்க வேண்டும். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்த வீடுகளுக்கும், பெருநாளுக்குப் பிரியாணி அனுப்பிய வீட்டுக்கும் திருப்பிக் கொடுக்கத் தட்டு தட்டாக எடுத்து வைக்க வேண்டும். பல சபைகளில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியுமுன்பே தொடங்கிவிடும். கத்தோலிக்கர் என்றால் நள்ளிரவுத் திருப்பலி. முடிந்து வீட்டுக்கு வந்தால் விருந்தாளிகள். ஒரு வாரத்தில் டிசம்பர் 31 இரவு ஆராதனை, மறுநாள் புத்தாண்டு ஆராதனை.

இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மாவிடம் ஒரு எதிர்பார்ப்பும் இருக்கிறது. அவர் "ஆவிக்குரிய சமாதானத்தோடு" இருக்க வேண்டுமாம்! ஆலயத்தில் பாடல் தொடங்கும்போது கண்கள் தானாக மூடுகின்றன. அது பக்தியா, தூக்கமா என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.

சரி, ஒரு கிறிஸ்தவத் தாய் இந்த விடுமுறைக் காலத்தில் ஆன்மிக ஓய்வை எங்கே கண்டுபிடிப்பது? வழக்கமாகக் கேட்கப்படும் இந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. கண்டுபிடிக்கும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறதே! உண்மையில் ஓய்வு என்பது ஒருவர் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்கும் பொருள் அல்ல. ஒரு வீடு முழுவதும் சேர்ந்து ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டிய ஒன்று. வேதாகமமும் அதைத்தான் சொல்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அறிவுரை என்ற பெயரில் இன்னொரு வேலை

களைத்துப்போன தாய்க்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை என்ன? "அரை மணி நேரம் முன்னதாக எழுந்து ஜெபியுங்கள்." "தினமும் தியானக் குறிப்பு எழுதுங்கள்." "வேலை செய்துகொண்டே மனதில் துதி செய்யுங்கள்." சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இரவு 12 மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தவரை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கச் சொல்வது ஓய்வா? ஏற்கெனவே நீளமான பட்டியலில் இன்னொரு வரி. அதையும் செய்ய முடியாவிட்டால் மிஞ்சுவது குற்ற உணர்வு. பலகாரமும் சரியாக வரவில்லை, பக்தியும் சரியாக வரவில்லை என்று இரண்டு பக்கமும் தோற்றதாக ஒரு தாய் நினைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

இது வெறும் கற்பனைப் புகாரும் அல்ல. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024-இல் மறுபடி கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்ததே என்று மகிழ்வதற்குள் ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது! இது ஆண்டு முழுவதற்குமான சராசரி. பண்டிகை வாரத்தில் எப்படி இருக்கும் என்பதை அவரவர் வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஓய்வுநாள் கட்டளையில் யார் யார் இருக்கிறார்கள்?

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையைக் கவனித்துப் படித்தால் ஒரு சுவாரசியமான விஷயம் தெரியும். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் யாரெல்லாம் வேலை செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகங்கள், வாசலில் தங்கியிருக்கும் அந்நியன். மாட்டுக்குக்கூட ஓய்வு உண்டு! ஆனால் மனைவி என்ற சொல் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. "நீ" என்பதிலேயே அவளும் அடக்கம் என்று விளக்குவார்கள். அந்த விளக்கம் சரியாகவே இருக்கட்டும். நடைமுறையில் எத்தனை வீடுகளில் அந்த "நீ"க்குள் அவருக்கு இடம் இருக்கிறது?

உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் இதே கட்டளை மறுபடி வரும்போது ஒரு காரணமும் சேர்கிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தான் என்பதை நினைத்துக்கொள் என்கிறது. ஆக, இந்தக் கட்டளை களைத்தவரைப் பார்த்து "ஓய்வெடுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டில் அதிகாரம் உள்ளவரைப் பார்த்து "மற்றவர்களுக்கும் ஓய்வு கிடைக்கும்படி பார்த்துக்கொள்" என்றும் சொல்கிறது.

மன்னா கதையும் அப்படித்தான். ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்து, சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து வைத்தால்தான் ஏழாம் நாள் ஓய்வு. ஓய்வு தானாக வந்து விழவில்லை, முந்தைய நாளே திட்டம் போட்டார்கள். ஒரு வித்தியாசம், அங்கே முழு ஜனமும் சேர்ந்து திட்டம் போட்டது. நம் வீடுகளில் ஓய்வு எல்லோருக்கும், திட்டம் மட்டும் ஒருவருக்கு.

பாவம் மார்த்தாள்!

இந்தப் பேச்சு எடுத்தாலே உடனே வந்து நிற்கும் கதை மார்த்தாள், மரியாள் கதை (லூக்கா 10). மார்த்தாள் பற்பல வேலைகளால் வருத்தமடைந்தாள், அவளுடைய சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டாள், மரியாள் செய்ததே நல்லது. இதை வைத்து எத்தனை பிரசங்கம்! "மார்த்தாளாக இருக்காதீர்கள், மரியாளாக இருங்கள்" என்று பெண்கள் கூட்டங்களில் சொல்லிவிட்டு, கூட்டம் முடிந்ததும் "அம்மா, டீ ரெடியா?" என்று கேட்பதும் உண்டு.

மார்த்தாள் அன்று வைத்த கோரிக்கையைக் கவனியுங்கள். எனக்கு உதவி செய்யும்படி அவளுக்குச் சொல்லும் என்றாள். அந்த வீட்டில் அவளுக்கு உதவி இல்லை என்பதும் உண்மைதானே! இயேசு மரியாளை எழுப்பி அடுக்களைக்கு அனுப்பவில்லை. ஒரு பெண் உட்கார்ந்து கேட்கும் உரிமையை யாரும் எடுத்துவிடக் கூடாது என்றார். அப்படியானால் அந்த உரிமை மார்த்தாளுக்கும் உண்டு. அவள் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் யாராவது வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் விருந்து எளிமையாக வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

இதே மார்த்தாள்தான் தன் சகோதரன் லாசரு இறந்தபோது இயேசுவை மேசியா என்று அறிக்கை செய்தவள் (யோவான் 11). அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். வேலை செய்பவளுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தூக்கமும் ஆன்மிகம்தான்

ஆன்மிக ஓய்வு என்றதும் மெழுகுவர்த்தி, அமைதி, திறந்த வேதாகமம் என்று ஒரு படம் மனதில் வரும். ஆனால் வேதாகமத்தில் களைத்துப்போன ஒரு மனிதருக்குக் கடவுள் கொடுத்த முதல் மருந்து அது அல்ல. எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், சாக வேண்டும் என்றார். அப்போது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாவது முறையும் எழுப்பிச் சாப்பாடுதான். அந்த மெல்லிய சத்தமும் கடவுளோடு உரையாடலும் அதற்குப் பிறகு வந்தவை (1 இராஜாக்கள் 19).

தூக்கமில்லாத ஒருவருக்கு ஜெப நேரத்தைப் பரிந்துரைப்பதைவிட இரண்டு மணி நேரத் தூக்கத்தைக் கொடுப்பது நல்லது. கிறிஸ்துமஸ் முந்தின நாள் மதியம் ஒரு தாய் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் அது சோம்பல் அல்ல. படகில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசுவைக் கும்பிடுகிறவர்கள் இதைக் குறை சொல்ல முடியாது.

"சமையலே ஜெபம்தானே?"

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். அன்போடு செய்யும் வேலையே ஆராதனைதானே? அம்மாக்கள் இதையெல்லாம் ஆசையோடுதானே செய்கிறார்கள்?

உண்மை. பாகு பதம் சரியாக வந்த சந்தோஷமும், பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும்போது டப்பாவில் பலகாரம் போட்டுக் கொடுக்கும் சந்தோஷமும் பொய் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சமையல் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி, அடுப்படியிலும் கடவுளின் சந்நிதியை உணரலாம் என்பதற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். ஆனால் அவர் இருந்தது ஒரு மடத்தில். அங்கே ஜெப வேளைக்கு மணி அடிக்கும், எல்லோரும் போவார்கள். மணி அடிக்கும் வழக்கம் அவரைச் சுற்றி இருந்தது. நம் வீட்டு அம்மாவுக்கு மணி அடிப்பது யார்? அவருக்கு அடிக்கும் மணியெல்லாம் வாசல் மணியும் குக்கர் விசிலும்தான்.

இன்னொரு உதாரணம் சூசன்னா வெஸ்லி (1669–1742). இங்கிலாந்தில் ஒரு போதகரின் மனைவி. 19 பிள்ளைகளைப் பெற்றவர், அவர்களில் பலர் குழந்தையிலேயே இறந்துவிட்டார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் சார்லஸ் வெஸ்லியும் இவர் பிள்ளைகள்தான். தனியாக ஜெபிக்க இடமில்லாததால் மேலாடையைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதைச் சொல்பவர்கள் தாயின் பக்தியை வியப்பார்கள். வியக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அம்மா தலையில் துணி போட்டிருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் துணி வேலை செய்தது பிள்ளைகள் அதை மதித்ததால்தான்!

அசனத்தில் முடிகிறது, வீட்டில் முடியாதா?

"ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தென் மாவட்டத்துத் திருச்சபைகளில் அசனம் நடக்கும்போது போய்ப் பார்த்தால் தெரியும். பெரிய பெரிய அண்டாவில் சோறு வடிப்பதும், ஆட்டுக்கறிக் குழம்பைத் துடுப்பு போட்டுக் கிளறுவதும், வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாகப் பரிமாறுவதும் பெரும்பாலும் ஆண்கள்தான். ஊருக்கே சமைக்கும் அதே கைக்கு, வீட்டில் கேரல் குழுவுக்குப் பதினைந்து தம்ளர் தேநீர் போட மட்டும் தெரியாமல் போய்விடுமா என்ன?

ஆள் இல்லாமல் இல்லை, வழக்கம்தான் இல்லை. வழக்கத்தை மாற்றலாம் என்பதற்கு உதாரணம் உலகத்தில் இருக்கிறது. அயர்லாந்தில் ஜனவரி 6-ஆம் தேதியைப் "பெண்களின் கிறிஸ்துமஸ்" என்று சொல்வார்கள். கார்க், கெர்ரி பகுதிகளில் இந்த வழக்கம் அதிகம். பண்டிகைக் காலம் முழுவதும் உழைத்த பெண்கள் அன்று ஒருவரையொருவர் பார்க்கப் போவார்கள், வீட்டு வேலையை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆண்டில் ஒரே ஒரு நாள் போதுமா என்று கேட்கலாம்தான். ஆனால் அவள் களைத்திருக்கிறாள் என்பதை ஒரு சமூகம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதே, அது பெரிய விஷயம்.

அந்த ஜனவரி 6 நமக்கும் அந்நியமான தேதி அல்ல. திருச்சபை நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 25-இல் தொடங்கி 12 நாள் நீளும். அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலம் காத்திருப்புக்கும் அமைதிக்கும் உரியது. நாமோ காத்திருக்க வேண்டிய நான்கு வாரத்தில் ஓடி ஓடி வேலை பார்த்து, கொண்டாட வேண்டிய 12 நாளையும் ஒரே பகலில் அடைத்துவிடுகிறோம். எல்லா விருந்தாளிகளும் 25-ஆம் தேதி மதியமே வந்தாக வேண்டும் என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை. 27-ஆம் தேதி வந்தாலும் அது கிறிஸ்துமஸ்தான்!

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் போதும்.

1. பலகாரப் பட்டியலைக் குறைக்கலாம். ஐந்து வகைக்குப் பதில் இரண்டு. அந்த இரண்டையும் எல்லோரும் உட்கார்ந்து உருட்டலாம். மீதியைக் கடையில் வாங்கினால் பாவம் ஒன்றும் இல்லை.

2. குடும்பத்தில் கூடிப் பேசி, அம்மா தொடக்கம் முதல் முடிவு வரை நிம்மதியாக உட்காரும் ஒரு ஆராதனையை முடிவு செய்யலாம். அன்று சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதும், அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போவதும் அப்பாவின் பொறுப்பு.

3. தினமும் இருபது நிமிடம் "அம்மாவைக் கூப்பிடக் கூடாத நேரம்" என்று வைக்கலாம். அந்த நேரத்தில் அவர் ஜெபிக்கலாம், படிக்கலாம், சும்மாவும் உட்காரலாம். என்ன செய்தார் என்று யாரும் கேட்கக்கூடாது.

4. சபைகளும் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரே வாரத்தில் ஐந்து நிகழ்ச்சி வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சிற்றுண்டியைப் பெண்கள் ஐக்கிய சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அறிவிப்பது நியாயமா?

வீட்டில் வேறு ஆளே இல்லாத தாய்மாரும் இருக்கிறார்கள். கணவரை இழந்தவர்கள், கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள், கிறிஸ்துமஸ் இரவிலும் பணிக்குப் போகும் செவிலியர்கள். இவர்களுக்கு "வீட்டார் உதவட்டும்" என்று சொன்னால் பயன் இல்லை. அங்கேதான் பக்கத்து வீடும் சபையும் வர வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதும், ஒரு மாலை அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், அவர்கள் வாசலில் நின்று இரண்டு பாடல் பாடிவிட்டுப் போவதைவிடப் பெரிய கேரல்.

விடுதியிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் பலர் மாணவர்களாக இருப்பீர்கள். கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை இது. தீபாவளி, பொங்கல், ரம்ஜான் எதுவானாலும் பண்டிகைக்குப் பின்னால் ஒரு அம்மாவின் முதுகுவலி இருக்கிறது. ஆனாலும் ஓய்வையே ஒரு கட்டளையாக வைத்திருக்கும் ஒரு மதத்தில் இது கொஞ்சம் கூடுதலாக உறுத்த வேண்டும்.

ஊருக்குப் போகும்போது பெரும்பாலான மாணவர்கள் கொண்டுபோவது ஒரு பை அழுக்குத் துணியும் நல்ல பசியும். போனதும் பதினோரு மணி வரை தூக்கம். விடுமுறைதானே! அதே வீட்டில் ஒருவருக்கு விடுமுறை என்ற சொல்லே பொருந்தாமல் இருபது வருஷம் ஓடிவிட்டது என்பது தோன்றுவதே இல்லை. பிள்ளைகள் ஓய்வு என்றால் என்ன என்பதைப் பிரசங்கத்தில் கற்றுக்கொள்வதில்லை, வீட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அம்மா ஒருபோதும் உட்காராத வீட்டில் வளரும் மகன், நாளை தன் மனைவி உட்கார்ந்தால் ஏன் என்று கேட்பான். மகளோ, உட்கார்ந்தால் தப்பு என்று நினைப்பாள்.

உயிர்த்தெழுந்த இயேசு, இரவெல்லாம் மீன் பிடித்துக் களைத்து வந்த சீஷர்களுக்குக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டார் (யோவான் 21). களைத்தவருக்கு அடுப்பு மூட்டுவது அவருக்கே கௌரவக் குறைச்சலாக இல்லை.

ஆகவே இந்த டிசம்பரில் "அம்மா, என்ன பலகாரம்?" என்று கேட்பதற்கு முன்னால், தேங்காயைத் துருவிக் கொடுத்துவிட்டு, "நீங்க போய்க் கொஞ்சம் படுங்கம்மா, பாத்திரத்தை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நம்ப மாட்டார். உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்றுகூடக் கேட்பார். இரண்டாம் நாளும் சொல்லுங்கள்.